கொள்ளுத்தாத்தாவைச் சர்வே நம்பரில் தேடுவது

ஊரோடு இருந்து, வெள்ளாமை பார்த்து, கடன் வாங்கி அடைத்து, செத்துப்போன ஒரு சாதாரண விவசாயியைக் காகிதத்தில் தேடப் போகிறவர்கள் முதலில் கேட்பது இறப்புப் பதிவேட்டைத்தான். பலருக்குத் தேடல் அங்கேயே நின்றுவிடுகிறது. பழைய பதிவேடு தேதி வரிசையில் இருக்கும். பெயரை வைத்துத் தேட முடியாது. "எந்த வருஷம்?" என்று கேட்பார்கள், பதில் இருக்காது. சர்க்காருக்கு அவர் தீர்வை (நிலவரி) கட்டும் ஆள். ஆகவே நிலத்தின் வழியாகப் போய், சாவைக் கடைசியில் தொடுவதுதான் எங்களுக்குப் பலித்த வழி. தஞ்சாவூர்ப் பக்கம் இரண்டு ஏக்கர் நஞ்சை வைத்திருந்து, 1940-களில் இறந்துபோன ஒரு தலைமுறையை மனதில் வைத்து இதைச் சொல்கிறோம்.

இன்றைய பட்டாவில் உள்ள சர்வே எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். 112/3பி2 என்று இருக்கலாம். அந்த வால் பெரும்பாலும் யு.டி.ஆர். காலத்தில், அதாவது 1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டில் முளைத்தது, அல்லது அதற்குப் பின் பாகம் பிரித்தபோது வந்தது. வி.ஏ.ஓ.விடம் இருக்கும் 'அ' பதிவேட்டில் பழைய சர்வே எண்ணுக்கு ஒரு தனிக் கட்டம் உண்டு. அதைப் பிடித்து முந்தைய செட்டில்மென்ட் ரிஜிஸ்டருக்கு (நிலத்துக்குத் தீர்வை நிர்ணயித்த பதிவேட்டுக்கு) போக வேண்டும். அங்கே வெறும் 112 அல்லது 112/3 என்றுதான் இருக்கும். சரியான தாய் எண்ணைத்தான் பிடித்தோமா என்பதற்கு விஸ்தீரணம்தான் சாட்சி. புதியது ஹெக்டேர், பழையது ஏக்கர்-சென்ட், 0.40.5 ஹெக்டேர் ஒரு ஏக்கர். உட்பிரிவுகளைக் கூட்டினால் பழைய அளவு வர வேண்டும். கால் ஏக்கர் இடித்தால் எண்ணே தப்பு.

ரயத்துவாரி ஊர்களில், அதாவது விவசாயி நேரே சர்க்காருக்குத் தீர்வை கட்டிய ஊர்களில், செட்டில்மென்ட் சுமார் 30 வருஷத்துக்கு ஒருமுறை என்பது கணக்கு. ஆகவே 19-ம் நூற்றாண்டின் கடைசியில் ஒன்று, அடுத்த தலைமுறையில் ஒன்று என்று இரண்டு ரிஜிஸ்டர் கிடைக்க வாய்ப்பு உண்டு. தாலுகா ஆபீஸ், கலெக்டர் ஆபீஸ் ரெக்கார்டு ரூம், எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் என்ற வரிசையில் கேளுங்கள். வாயால் கேட்டால் "கிழிந்துவிட்டது" என்ற பதில் சுலபமாக வரும். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கிராமம், சர்வே எண், ரிஜிஸ்டரின் பெயர் மூன்றையும் குறிப்பிட்டு நகல் கேட்டால் 30 நாளில் எழுத்தில் பதில் தந்தாக வேண்டும். ஜமீன் ஊர் என்றால் 1948 எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்துக்கு முன் சர்க்கார் பட்டாவைத் தேடி அலைய வேண்டாம்.

அந்த ரிஜிஸ்டர்கள் இங்கிலீஷில் இருக்கும். பெயர் குமாஸ்தா காதில் விழுந்தபடி. இன்னொரு சங்கடம், பேரனுக்குத் தாத்தா பெயர் வைப்பது. இரண்டு ரிஜிஸ்டரிலும் ஒரே பெயரைப் பார்த்துவிட்டு, ஒரே மனுஷர் நூறு வயது தாண்டி இருந்ததாக வம்சாவளி எழுதியவர்கள் உண்டு. தகப்பன் பெயர் ஒத்துப்போகாமல் எந்தப் பெயரையும் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பட்டா ஒரு விஷயத்தில் ஏமாற்றும். ஆள் செத்து இருபது வருஷம் ஆகியும் அவர் பெயரிலேயே கிஸ்தி (தீர்வைத் தவணை) கட்டிக்கொண்டிருப்பது ஊர் வழக்கம். பெயர் மாறிவிட்டது என்றால் அதற்குள் இறந்திருக்கலாம், அல்லது விற்றிருக்கலாம். மாறவில்லை என்பதை வைத்து உயிரோடு இருந்தார் என்று சொல்லக் கூடாது. கணக்குகளில் வருஷம் பசலியில், அதாவது ஜூலையில் தொடங்கும் வருவாய்க் கணக்கு ஆண்டில் இருக்கும்: 590 கூட்டினால் அது தொடங்கும் ஆங்கில வருஷம். பசலி 1353 என்பது 1943 ஜூலை முதல் 1944 ஜூன் வரை.

நிஜமான புதையல் சார்பதிவாளர் ஆபீஸில் இருக்கிறது. ஆன்லைன் வில்லங்கச் சான்று (ஒரு நிலத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல்) பெரும்பாலான இடங்களில் 1975-க்குப் பிறகுதான். அதற்கு முன் கையால் தேட மனு போட வேண்டும். கட்டணம் வருஷக் கணக்கில் ஏறும் என்பதால் பத்துப் பத்து வருஷமாகக் கேளுங்கள். ஊர் இன்று எந்த ஆபீஸில் இருக்கிறது என்பதை விட அன்று எந்த ஆபீஸில் இருந்தது என்று விசாரியுங்கள். எல்லை மாறியிருக்கும், புத்தகம் பழைய ஆபீஸிலேயே தங்கியிருக்கும். நூறு ரூபாய்க்குக் கீழான கிரயத்தைப் பதிய வேண்டிய கட்டாயம் இல்லாததால் சிறு துண்டுகளுக்குப் பத்திரமே இல்லாமல் போகலாம்.

கிரயத்தை விட அடமானப் பத்திரம்தான் அதிகம் பேசும். "எங்கள் தகப்பனார் உத்தரகிரியைச் செலவுக்காகவும், சர்க்கார் கிஸ்தி கட்டுவதற்காகவும் தங்களிடம் ரொக்கம் பெற்றுக்கொண்டது" என்கிற தோரணையில் காரணம் எழுதியிருக்கும் (உத்தரகிரியை என்றால் ஈமச் சடங்கு). சும்மா எழுதியதில்லை. கூட்டுக் குடும்பச் சொத்தைக் குடும்பத் தலைவர் அடகு வைத்தால், குடும்ப அவசியத்துக்காக வாங்கிய கடன் என்று காட்டினால்தான் மற்றப் பங்காளிகளைக் கட்டுப்படுத்தும். கடன் கொடுப்பவர் அதை எழுதாமல் விடமாட்டார். அவருடைய ஜாக்கிரதையால் நமக்குச் சாவு நடந்த காலம் கிடைக்கிறது: பத்திரத் தேதிக்குச் சில மாதம் முன்னே. "மைனருக்குத் தாயாரும் கார்டியனுமான" என்று வந்தால் தகப்பன் இல்லை என்று கொள்ளலாம். சொந்தப் பத்திரம் அகப்படாவிட்டால் அக்கம்பக்கத்து வயல்களின் செக்குபந்தியை (பத்திரத்தில் எழுதும் நான்கு எல்லையை) படியுங்கள். "இன்னார் நிலத்துக்குக் கிழக்கு" என்பது ஒரு வருஷம் "இன்னார் வாரிசுகள் நிலத்துக்குக் கிழக்கு" என்று மாறும்.

வருஷம் இப்படி இரண்டு மூன்றுக்குள் வந்த பிறகுதான் வீட்டில் கொடுக்கும் திதிக்கு உபயோகம். ஆடி மாதம் தேய்பிறை சதுர்த்தி என்று தெரிந்தால், அந்தந்த வருஷத்துப் பஞ்சாங்கத்தில் தேதி பார்க்கலாம். ஆடி 31 நாளோ 32 நாளோ வரும், திதி சுமார் 29½ நாளில் திரும்பும்; எனவே மாதத் தொடக்கத்தில் வந்த திதி கடைசியில் இன்னொரு தடவை வரக்கூடும். கிழமை யாருக்காவது ஞாபகம் இருந்தால் அதோடு ஒத்துப் பாருங்கள். கருமாதிப் பத்திரிகை, மொய் நோட்டு இருந்தால் இந்தக் கணக்கே வேண்டாம்.

இப்போது இறப்புப் பதிவேடு. 1980 நவம்பரில் மணியம் (கிராமத் தலைவர்), கர்ணம் (கணக்குப்பிள்ளை) பதவிகள் ஒழியும் வரை கிராமத்தில் சாவைப் பதிந்தவர் மணியக்காரர். பழைய கிராமப் பதிவேடுகளைச் சார்பதிவாளர் ஆபீஸில் கேளுங்கள். திதியில் வந்த தேதிக்கு முன்னும் பின்னும் ஒரு மாதம் பார்ப்பது நல்லது. வயது 50, 60 என்று முழு எண்ணில் இருந்தால் அது மதிப்பு. காரணம் 'சுரம்' என்று இருந்தால் எதையும் முடிவு செய்ய வேண்டாம். வைத்தியர் பார்க்காத சாவில் பெரும்பகுதி அந்தத் தலைப்பில்தான் போய் விழுந்தது. வாந்திபேதி, அம்மை என்றிருந்தால் கொஞ்சம் நம்பலாம், அவை ஊருக்கே தெரியும். அதே பக்கத்தில் அதே வாரத்தில் எத்தனை வாந்திபேதிச் சாவு என்று எண்ணிவிட்டு வாருங்கள்.

நிலமில்லாத பண்ணையாளுக்கு இந்த வழி உதவாது. பிள்ளைகள் படித்திருந்தால் ஆரம்பப் பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டில் தகப்பன் பெயரும் தொழிலும் கிடைக்கலாம். பெண்களின் பெயர் பட்டாவில் வருவது பெரும்பாலும் புருஷன் போன பிறகு.

பதிவே இல்லை என்றால் அதற்கும் சான்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு வருஷம் கடந்த சாவைப் புதிதாகப் பதிய கோட்டாட்சியர் உத்தரவு வேண்டும். மனுவுக்கு அந்தச் சான்றும், மேலே சொன்ன பத்திர நகல்களும் வைக்க வேண்டியிருக்கும். சொத்துத் தகராறோ வாரிசுப் பிரச்சினையோ இருந்தால் அந்த அலைச்சல் படலாம். வம்சாவளிக்கு மட்டும் என்றால் "பசலி 1353, ஆடிக்கும் தைக்கும் நடுவில்" என்று எழுதி, பக்கத்தில் பத்திர எண்ணைக் குறித்தால் போதும்.