யாரைப் பார்த்துப் பேசுகிறோம்

வட சென்னையில் அரசு உதவி பெறும் மேல்நிலைப் பள்ளி ஒன்றில் தமிழாசிரியையாக இருக்கிறேன். எங்கள் ஒழுங்குக் குழுவுக்கு வரும் புகார்களைப் பல வருடங்களாகப் பார்த்து வருகிறேன். பள்ளியைப் பற்றியோ ஆசிரியரைப் பற்றியோ ஒரு பிள்ளை ஏதாவது சொல்லிவிட்டால் அன்றைக்கே வீட்டுக்குப் போன் போய்விடும். ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையை மாதக்கணக்கில் பேச்சாலேயே வதைத்தால், "பசங்க விளையாட்டுக்குப் பேசுறாங்க, விடுங்க டீச்சர்" என்பதோடு முடிந்துவிடும். நாம் அடக்குவது கேள்வி கேட்கிற பேச்சை. விட்டுவிடுவது நோகடிக்கிற பேச்சை. இது தலைகீழாக இருக்க வேண்டும்.

ஒரே பருவத்தில், ஒரே வகுப்பில் நடந்த இரண்டைச் சொல்கிறேன்.

ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் வகுப்பின் கையெழுத்துப் பத்திரிகையில் அரைப் பக்கம் எழுதினான். மாணவிகளின் கழிவறை மதியத்துக்குப் பிறகு ஏன் பூட்டிக் கிடக்கிறது, சாவி யாரிடம் இருக்கிறது, தண்ணீர் லாரி வராத நாளில் அவர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்டிருந்தான். ஆசிரியர்களின் கழிவறையில் மட்டும் தண்ணீர் நிற்பதே இல்லை என்று ஒரு வரியும் இருந்தது. கொஞ்சம் காரம்தான். ஆனால் ஒரு சொல் கூடப் பொய்யில்லை. பத்திரிகையைச் சுவரிலிருந்து எடுத்துவிட்டார்கள். அவனுடைய அப்பா ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்து ஆபீஸ் ரூம் வாசலில் நின்றார்.

அந்த வகுப்பிலேயே ஒரு மாணவி. வருகைப் பதிவில் அவள் பெயர் வந்ததும் கடைசி இரண்டு பெஞ்சிலிருந்து ஒரு முனகல் கிளம்பும். வாயைத் திறக்காமல், மூக்கால், எருமை கத்துகிற மாதிரி இழுப்பார்கள். அவள் நிறத்தை வைத்துத்தான். "உள்ளேன் அம்மா" என்று சொல்லி அவள் உட்கார்ந்ததும் நின்றுவிடும். யார் என்று திரும்பிப் பார்த்தால் எல்லோரும் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். சில வாரங்களில் அவள் எழுந்து நிற்பதை விட்டுவிட்டுக் கையை மட்டும் தூக்கினாள். அப்புறம் பதிவு முடிந்த பிறகே வகுப்புக்கு வர ஆரம்பித்தாள். செய்யுள் ஒப்பிக்கச் சொன்னால் "படிக்கல மிஸ்" என்பாள். எனக்குத் தெரியும், அவளுக்கு மனப்பாடம். இரவில் பையன்களின் வாட்ஸ்அப் குழுவில் அவள் படத்தை வெட்டி ஒட்டிய ஸ்டிக்கர்கள் சுற்றிக்கொண்டிருந்தன. கூப்பிட்டு விசாரித்தபோது கிடைத்த பதில்: "நாங்க ஒண்ணுமே சொல்லலையே மிஸ்."

ஆசிரியர் அறையில் இதைப் பற்றிப் பேச்சு வந்தது. சமூக அறிவியல் சார் கேட்டார்: "நாளைக்கு ஒருத்தன் இருமினாலும் புகார் வருமே டீச்சர்? பேச்சுரிமைன்னு நாமதானே பாடம் நடத்துறோம்?" நியாயமான கேள்வி. அந்தப் பயம் எனக்கும் உண்டு. 'துன்புறுத்தல்' என்ற பெயரைத் தாராளமாகப் பயன்படுத்த விட்டால், பள்ளி நிர்வாகம் முதலில் அதைத் தூக்கி அந்தக் கழிவறைக் கட்டுரை மேல்தான் போடும்.

அரசமைப்புச் சட்டத்தின் 19ஆம் பிரிவு பேச்சுரிமையைத் தருகிறது, நியாயமான கட்டுப்பாடுகளையும் கூடவே சொல்கிறது. அந்த உரிமை பள்ளி வாசலோடு நின்றுவிடுவதில்லை என்று காட்டியது கேரளத்து வழக்கு ஒன்று. யெகோவாவின் சாட்சிகள் பிரிவைச் சேர்ந்த மூன்று உடன்பிறந்த பிள்ளைகள், காலை வழிபாட்டில் தேசிய கீதத்துக்கு மரியாதையாக எழுந்து நிற்பார்கள், பாட மாட்டார்கள். 1985இல் பள்ளி அவர்களை வெளியேற்றியது. 1986இல் உச்ச நீதிமன்றம் அது தவறு என்று சொல்லி அவர்களைத் திரும்பச் சேர்க்க வைத்தது. அந்தப் பிள்ளைகளும் வாய் திறக்கவில்லை, எங்கள் கடைசி பெஞ்சும் வாய் திறக்கவில்லை. ஆனால் அங்கே மௌனத்தால் யாருக்கும் ஒரு குறையும் வரவில்லை. இங்கே அந்த முனகலுக்காகவே தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள்.

பேச்சுரிமை எங்கே முடிகிறது, துன்புறுத்தல் எங்கே தொடங்குகிறது என்ற எல்லைக் கோட்டை அமெரிக்காவிலும் தேடியிருக்கிறார்கள். வியட்நாம் போரை எதிர்த்துக் கறுப்புக் கைப்பட்டை கட்டி வந்த மாணவர்களுக்கு அந்த உரிமை உண்டு என்று அங்குள்ள உச்ச நீதிமன்றம் 1969இல் சொன்னது. 1999இல் அதே நீதிமன்றம், சக மாணவனின் பாலியல் தொல்லைக்கு ஆளான ஜார்ஜியா மாநிலத்துச் சிறுமியின் வழக்கில், தெரிந்தும் கண்டுகொள்ளாத பள்ளி நிர்வாகம் பொறுப்பேற்க வேண்டியிருக்கும் என்றது. தொல்லை கடுமையாக இருக்க வேண்டும், விடாமல் தொடர வேண்டும், பிள்ளைக்குக் கல்வியே எட்டாமல் போகும் அளவுக்கு இருக்க வேண்டும் என்பது அங்கே அளவு.

அந்தக் கடைசி அளவைத்தான் நான் என் வகுப்பில் முதலில் பார்க்கிறேன். என்ன சொன்னார்கள் என்பதைவிட, கேட்டவள் எதை நிறுத்திவிட்டாள் என்று பார்க்கிறேன். எழுந்து நிற்பதை நிறுத்தினாளா, பதில் சொல்வதை, மதியம் வராண்டாவில் உட்கார்ந்து சாப்பிடுவதை? தெருவில் ஒருவன் கத்தினால் நாம் நடையைக் கட்டலாம். வகுப்பில் முடியாது, பீரியட் முடியும்வரை, அப்புறம் ஆண்டுத் தேர்வுவரை அதே பெஞ்சுதான். எழுந்து போக முடியாத ஒருத்தியைக் குறிவைத்துத் திரும்பத் திரும்பச் செய்வதைக் கருத்து என்று என்னால் ஏற்க முடியாது. இருமல் புகாருக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. ஒரு நாள் இருமியவனை யாரும் கூப்பிடப் போவதில்லை.

நம் சட்டங்களும் இதைப் பார்க்காமல் விடவில்லை. சிதம்பரத்தில் 1996இல் ஒரு மருத்துவ மாணவர் கொல்லப்பட்ட பிறகு, 1997இல் தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்தது. மாணவருக்கு அச்சமோ வெட்கமோ சங்கடமோ உண்டாக்குவதும், கேலி செய்வதும் அதன் வரையறைக்குள் வருகின்றன. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17ஆம் பிரிவில், உடல் தண்டனையோடு மனரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது.

சாதி வரும்போது கோடு இன்னும் சிக்கலாகிறது. 2023இல் நாங்குநேரியில் பள்ளி மாணவன் ஒருவனைச் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டியதையடுத்து நீதிபதி சந்துரு தலைமையில் ஒரு நபர் குழு அமைந்தது. 2024இல் வந்த அதன் அறிக்கை, சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகள் பள்ளியில் கூடாது என்றது. பிளஸ் டூ மாணவன் ஒருவன் என் வகுப்பிலேயே அதை எதிர்த்துப் பேசினான். "கயிறு கட்டுறது என் விருப்பம் மிஸ்" என்றான். பேச விட்டேன், மற்றவர்களையும் பதில் சொல்ல விட்டேன், நல்ல விவாதமாகவே போனது. விதியை எதிர்த்து வாதாடுவது அவன் உரிமை. அதே பையன் கயிறைப் பார்த்து ஆள் பிரித்து, கட்டாதவனைப் பெஞ்சை விட்டு எழுப்பினால் அங்கே நான் குறுக்கே நிற்பேன். சென்னையில் கயிறு அவ்வளவாக இல்லை. இங்கே "நீ எந்த ஏரியா?" என்ற கேள்வியே அந்த வேலையைச் செய்துவிடுகிறது.

அந்த மாணவி விஷயத்தில் பெற்றோர்களை வரச் சொன்னோம். ஒரு அப்பா கோபமாகவே வந்தார். "போன் என்னுது, வீடு என்னுது, ராத்திரி பத்து மணிக்கு என் பையன் அனுப்பினதுல ஸ்கூலுக்கு என்னம்மா வேலை?" என்றார். ஸ்டிக்கர்களைக் காட்டினேன். இரவில் அனுப்பியதைக் காலையில் முப்பது பேர் பார்த்துச் சிரிக்கும்போது அவள் அந்த அறைக்குள்தான் நுழைய வேண்டியிருக்கிறது என்று சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். பையனை அங்கேயே அழிக்கச் சொன்னார். அப்புறம் கேட்டார்: "இதே குரூப்புல வாத்தியாருங்களையும்தான் கிண்டல் பண்றானுங்க. அதையும் அழிக்கணுமா?"

என்னைப் பற்றியது இருக்கட்டும் என்றேன். மதிப்பெண் போடும் பேனா என் கையில் இருக்கிறது. உட்கார்ந்து பேச ஆசிரியர் அறை இருக்கிறது, மாதச் சம்பளம் இருக்கிறது. அந்தப் பெண்ணுக்கு இதில் எதுவும் இல்லை. பக்கத்தில் இருந்த தலைமை ஆசிரியர் இதை ஒப்புக்கொள்ளவில்லை. ஆசிரியரைக் கேலி செய்வதுதான் முதல் குற்றம் என்றார். அடுத்த ஒழுங்குக் குழுக் கூட்டத்தில் இரண்டையும் தனித்தனிக் குற்றமாகப் பிரிக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். கழிவறைக் கட்டுரை எந்தக் குற்றத்திலும் சேராது என்பதையும் அதிலேயே எழுதியிருக்கிறேன்.