ஸ்டியரிங் ஆட்டமா? பாக்ஸ் ஸ்க்ரூவ கடைசியா தொடுங்க

பழைய ஆஃப்ரோட் வண்டி வச்சிருக்கவங்ககிட்ட போய் ஸ்டியரிங் லூசா இருக்குன்னு சொல்லிப் பாருங்க, உடனே ரெண்டு யோசனை வரும். ஸ்டியரிங் பாக்ஸ் (ஸ்டியரிங் சுத்துறத சக்கரம் திருப்புற அசைவா மாத்துற கியர் பெட்டி) மேல ஒரு ஸ்க்ரூ இருக்கும் அத கொஞ்சம் டைட் பண்ணிடு, இல்லன்னா புது ஸ்டியரிங் டேம்பர் (நடுக்கத்த அடக்குற ஷாக் அப்சார்பர்) வாங்கிப் போட்டுடு. ரெண்டும் சுலபமான வேலை, அதனாலதான் எல்லாரும் அதையே சொல்றாங்க. ஆனா ஆட்டம், அதாவது ஸ்டியரிங் திரும்பியும் சக்கரம் திரும்பாத அந்த இடைவெளி, எங்க இருக்குன்னு பாக்காம பண்ற வேலை அது.

என்னோடது முன்னாடி சாலிட் ஆக்சில் (ரெண்டு சக்கரத்தையும் ஒரே தண்டா சேர்க்குறது), லீஃப் ஸ்பிரிங், பவர் ஸ்டியரிங், உள்ள குண்டு உருளுற பழைய பால் டைப் பாக்ஸ். நேர் ரோட்டுல கொஞ்சம் வேகம் எடுத்தாலே வண்டி இடதும் வலதுமா அலையும், திருத்தி திருத்தி ஓட்டியே தோள்பட்டை வலி வந்துடும். இந்த வகை பாக்ஸ்ல கொஞ்சம் ஆட்டம் இருக்கத்தான் செய்யும், பல வண்டிக்கு ஸ்டியரிங் விளிம்புல 30 மில்லிமீட்டர் வரைக்கும் ஓகேன்னு மேனுவல்ல போட்டிருக்கும், என் வண்டி அதெல்லாம் எப்பவோ தாண்டிடுச்சு.

மொதல்ல டயர்ல காத்து பாருங்க. சிரிக்காதீங்க, மணல்ல ஓட்ட காத்து இறக்கிட்டு அப்படியே ரோட்டுக்கு வந்து ஸ்டியரிங் போச்சுன்னு பொலம்புற ஆளுங்க நிறைய பேர்.

அடுத்து பண்ண வேண்டியது, சக்கரம் நாலும் தரையில, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்கு கட்டை வச்சு, பவர் ஸ்டியரிங்னா இஞ்சின ஓடவிட்டு, ஒரு ஆள உள்ள உக்கார வச்சு ஸ்டியரிங்க லேசா இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆட்டச் சொல்றது. முழுசா திருப்ப வேணாம், சக்கரம் திரும்ப ஆரம்பிக்குற இடம் வரைக்கும் போதும். நான் தம்பிய உக்கார வச்சுட்டு டார்ச்சோட கீழ போயிட்டேன். ஜாக்கி போட்டு தூக்கினா இந்த டெஸ்ட் சரியா வராது, டயர் மேல பாரம் இருந்தாதான் ஒவ்வொரு ஜாயின்ட்டும் தன்னக் காட்டிக்கொடுக்கும்.

மேலேர்ந்து வரிசையா வரணும். ஸ்டியரிங் காலம் (ஸ்டியரிங்லேர்ந்து இறங்குற தண்டு) கீழ இருக்க யு ஜாயின்ட், அப்புறம் பாக்ஸுக்கு உள்ள போற ஷாஃப்ட், பாக்ஸ்லேர்ந்து வெளிய வர பிட்மேன் ஆர்ம், அந்த ஆர்ம சக்கரத்தோட சேர்க்குற டிராக் லிங்க், ரெண்டு சக்கரத்தையும் சேர்க்குற டை ராட், சக்கரம் மாட்டியிருக்க திரும்புற பாகமான நக்கிள். ரெண்டு பாகம் சேர்ற இடத்துல விரல வச்சா ஒண்ணு நகர்ந்து இன்னொன்னு கொஞ்சம் லேட்டா நகர்றது கண்ணுக்கு தெரியுறதுக்கு முன்னாடி விரலுக்கு டக்குன்னு தெரியும் (நசுங்குற இடத்துல மட்டும் விரல வைக்காதீங்க, பவர் ஸ்டியரிங்குக்கு இரக்கம் கிடையாது). பழைய வில்லீஸ் வகை ஜீப்புன்னா நடுவுல பெல் கிராங்க் (அசைவோட திசைய மாத்துற ஆர்ம்) ஒண்ணு இருக்கும், அதோட புஷ்ஷும் தேயும். முன்னாடி காயில் ஸ்பிரிங் இருந்தா பான்ஹார்ட் ராட் (ஆக்சில பக்கவாட்டுல நகராம புடிக்குற தண்டு) ரெண்டு முனையும் கண்டிப்பா பாக்கணும், அதுல ஆட்டம் இருந்தா ஆக்சிலே பக்கவாட்டுல நகரும், நீங்க டை ராட் எண்டு எத்தன மாத்தினாலும் போகாது.

என் வண்டில டிராக் லிங்க் எண்டு (முனையில இருக்க பால் ஜாயின்ட்) ஒண்ணு தேஞ்சிருந்துச்சு, அது எதிர்பார்த்ததுதான். எதிர்பாக்காதது, தம்பி ஸ்டியரிங்க ஆட்டும்போது பாக்ஸே மொத்தமா அசைஞ்சது. சேறு அப்பிக் கிடந்ததுனால மொதல்ல தெரியல, ஒயர் பிரஷ் போட்டு தேய்ச்சப்புறம் பாத்தா ஒரு போல்ட்டோட வாஷர சுத்தி செங்கல் பொடி மாதிரி சிவப்பா தூசி, பக்கத்துல போல்ட் ஓட்டையிலேர்ந்து சேஸிஸ்ல முடி அளவு ஒரு விரிசல். ரெண்டு இரும்பு ஒண்ணோடொண்ணு உரசிக்கிட்டே இருந்தாதான் அந்த சிவப்புத் தூசி வரும், எங்க அதப் பாத்தாலும் அங்க ஏதோ நகருதுன்னு அர்த்தம். பெரிய டயர் மாட்டின வண்டில பாக்ஸ் மவுண்ட் மேல வர்ற லோடு ரொம்ப அதிகம், அங்கதான் மொதல்ல விரிசல் விடும். இந்த நிலைமையில பாக்ஸ் ஸ்க்ரூவ டைட் பண்ணியிருந்தா என்ன ஆகியிருக்கும்னு யோசிச்சுக்கோங்க.

பாக்ஸ கழட்டி, விரிசல் முடியுற நுனியில சின்ன ஓட்டை போட்டு (அது மேற்கொண்டு ஓடாம இருக்க), வெல்டிங் அடிச்சு மேல பிளேட் வச்சாச்சு. வெல்டிங் மட்டும் நல்ல கைகாரர்கிட்ட குடுத்துடுங்க, இது வீட்டு கேட் கம்பி இல்ல. சேஸிஸுக்குள்ள போல்ட் போற இடத்துல ஸ்லீவ் குழாய் இருக்கான்னும் பாருங்க, அது இல்லாம இறுக்கினா பெட்டி மாதிரி உள்ள காலியா இருக்க சேஸிஸ் இரும்பு அமுங்கி போல்ட் மறுபடி லூசாகிடும்.

டிராக் லிங்க் எண்டு கழட்டுறப்ப கவட்டை மாதிரி டூல உள்ள அடிச்சா ரப்பர் பூட் கிழியும், அத விட ஆர்மோட கண் (எண்டு நுழையுற ஓட்டை) இருக்க இடத்த பக்கவாட்டுல சுத்தியால ரெண்டு நல்ல அடி குடுத்தா டேப்பர், அதாவது உள்ள இறுகியிருக்க கூம்பு முனை, தானா விட்டுடும். மாட்டுறப்ப ஸ்பிளிட் பின் (நட் கழலாம இருக்க குத்துற பின்) ஓட்டை நேரா வரலன்னா நட்ட கொஞ்சம் லூஸ் பண்ணி நேராக்காதீங்க, இறுக்கித்தான் அடுத்த ஓட்டைக்கு கொண்டு வரணும்.

இப்பதான் ஜாக்கி. ஸ்டாண்டு போடாம கீழ போகாதீங்க. சக்கரத்த மேலயும் கீழயும் புடிச்சு ஆட்டுங்க, ஆட்டம் இருந்தா வீல் பேரிங்கா கிங் பின்னான்னு (நக்கிள் திரும்புற அச்சு) குழப்பம் வரும், யாரையாவது பிரேக் அமுக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்க. பிரேக் அமுக்கினதும் ஆட்டம் போச்சுன்னா வீல் பேரிங், போகலன்னா கிங் பின். பல வண்டில கிங் பின் மூடிக்கு அடியில ஷிம் (மெல்லிய தகடு) இருக்கும், அதுல ஒண்ணு ரெண்டு எடுத்தா இறுகும், ஆனா பேரிங்கே குழி விழுந்திருந்தா ஷிம் எடுத்து பிரயோஜனம் இல்ல.

இதெல்லாம் முடிஞ்சும் மிச்சம் ஆட்டம் இருந்தா மட்டும் அந்த ஸ்க்ரூ. டிராக் லிங்க்க கழட்டி விட்டுட்டு, ஸ்டியரிங் நடு சென்டர்ல இருக்கப்ப, லாக் நட்ட தளர்த்தி கொஞ்சம் கொஞ்சமா திருப்பணும். பாக்ஸுக்குள்ள கியர் நடுவுலதான் டைட்டா உக்கார்ற மாதிரி செஞ்சிருப்பாங்க, நாம நேரா ஓட்டுறதுதான் அதிகம்ங்கறதுனால தேய்மானமும் அங்கதான் வரும். ஸ்டியரிங்க ஒரு பக்கம் ஒடிச்சு வச்சுட்டு இறுக்கினா நடுவுக்கு வர்றப்ப சிக்கும். அளவுக்கு மீறினா வளைவு முடிஞ்சும் ஸ்டியரிங் தானா திரும்பாது, கையால இழுத்துக் கொண்டு வரணும், லூசா இருந்தத விட அது ஆபத்து. எனக்கு கால் சுத்து கூட தேவைப்படல.

டிராக் லிங்க் மாத்தினா ஸ்டியரிங் கோணலாகும், டை ராட்ட தொட்டா டோ (முன் சக்கரம் ரெண்டும் உள்ளயோ வெளியவோ பாக்குற கோணம்) மாறும், அதனால கடைசியில அலைன்மென்ட் கட்டாயம். ஸ்பிரிங் மாத்தி வண்டிய தூக்கினவங்க காஸ்டரும் (சக்கரம் திரும்புற அச்சு முன்ன பின்ன சாயுற கோணம்) பாக்கச் சொல்லுங்க, காஸ்டர் கம்மியானா ஒரு ஜாயின்ட்லயும் ஆட்டம் இல்லாமலே வண்டி அலையும், அதுக்கு எந்த ஸ்க்ரூவும் மருந்தில்ல.

டேம்பரா? தேஞ்ச ஜாயின்ட்டோட நடுக்கத்த அது கொஞ்ச நாள் மறைக்கும், அவ்ளோதான். எண்ணெய் கசியுற பழைய டேம்பர நான் மாத்தவே இல்ல, இப்ப வண்டி நேரா போகுது. பாக்ஸ் போல்ட்டுலயும் சேஸிஸ்லயும் சேர்த்து பெயிண்ட்ல ஒரு கோடு போட்டு வச்சிருக்கேன், கரடு முரடா ஓட்டிட்டு வந்தா அந்தக் கோடு நகர்ந்திருக்கான்னு மொதல்ல பாத்துடுவேன். யு ஜாயின்ட்ல மட்டும் கொஞ்சூண்டு ஆட்டம் மிச்சம் இருக்கு, பார்ட் சொல்லியிருக்கேன், வந்ததும் மாத்திடணும்.