சிகாகோவில் பச்சை சனிக்கிழமை

அயர்லாந்துக்காரர்களின் செயின்ட் பேட்ரிக் தினத்துக்காகச் சிகாகோ ஆற்றையே பச்சையாக்குகிறார்கள். ஆற்றில் கொட்டும்போது சாயப் பொடி ஆரஞ்சு நிறம்தான். மோட்டார் படகு சுற்றிச் சுற்றிக் கலக்கக் கலக்க, கண்ணைப் பறிக்கிற பச்சை! பிளம்பர் சங்கத்துக்காரர்கள் செய்யும் வேலை இது. கழிவுநீர் எங்கே ஆற்றில் கலக்கிறது என்று கண்டுபிடிக்கப் பயன்படுத்திய சாயத்தை, முதல்முறையாக 1962இல் கிட்டத்தட்ட 45 கிலோ கொட்டிவிட்டார்களாம். ஒரு வாரம் பச்சை போகவே இல்லையாம்!

செயின்ட் பேட்ரிக் தினம் மார்ச் 17 என்றாலும் இங்கே ஊர்வலம் சனிக்கிழமைதான். கொலம்பஸ் டிரைவ் சாலை முழுக்க பேக்பைப் (பையில் காற்றை அடைத்து வாசிக்கும் குழல் வாத்தியம்) சத்தம். சுருட்டை விக் வைத்த வாண்டுகள், கையை அசைக்காமல் காலால் மட்டும் ஐரிஷ் நடனம் ஆடிக்கொண்டே போனார்கள். அவர்களைவிட விக்தான் அதிகம் குதித்தது. (குளிரில் எனக்கு நிற்கவே கால் வரவில்லை.)

பீர் கும்பல் மட்டும் கொஞ்சம் ஓவர். குழந்தைகளோடு போகிறவர்கள் காலையிலேயே ஆற்றைப் பார்த்துவிடுங்கள்.