சமயச் செய்தி எங்கே சறுக்குகிறது

அரசியலுக்கும் விளையாட்டுக்கும் தனி நிருபர் உண்டு. சமயத்துக்கு, அன்றைக்குக் கையில் வேலையில்லாதவர். பிழைகளில் பாதி இந்த ஏற்பாட்டிலேயே பிறந்துவிடுகின்றன.

முதலில் கூட்டக் கணக்கு. விழாக்குழு சொல்லும் ‘லட்சக்கணக்கானோர்’ அப்படியே தலைப்பில் ஏறிவிடும். அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் இதழியல் கற்பித்த ஹெர்பர்ட் ஜேக்கப்ஸ் 1960களில் வகுத்த கணக்கு இன்றும் கைகொடுக்கும். தாராளமாக நிற்கும் கூட்டத்தில் ஒருவருக்கு 10 சதுர அடி, நெருங்கி நின்றால் 4.5, மூச்சுமுட்ட நின்றால் 2.5. நீளம் 200 அடி, அகலம் 150 அடி உள்ள திடல் 30,000 சதுர அடி. எவ்வளவு நெரிந்தாலும் 12,000 பேர்தான். லட்சம் பேர் அப்படி நெரிந்து நிற்கவே ஏறக்குறைய ஆறு ஏக்கர் வேண்டும். மேடை, தடுப்பு, நடைவழி ஆகியவற்றின் பரப்பை முதலில் கழிக்க வேண்டும். பலரும் கோட்டைவிடுவது இங்கேதான். நகரும் ஊர்வலத்துக்கு இந்தக் கணக்கு சரிவராது. ஓரிடத்தில் நின்று நிமிடத்துக்கு எத்தனை பேர் கடக்கிறார்கள் என்று பல தடவை எண்ணி, சராசரியை மொத்த நிமிடங்களால் பெருக்க வேண்டும். அதற்கும் நேரமில்லையென்றால் ‘விழாக்குழுவினர் கூறினர்’ என்று போடுவது உத்தமம்.

அற்புதச் செய்தி இதைவிடக் கடினம். 1995 செப்டம்பர் 21 அன்று பிள்ளையார் சிலைகள் பால் குடிப்பதாக டெல்லியில் கிளம்பிய பேச்சு, அன்றே கடல் கடந்தது. கரண்டியில் பால் குறைவதை மக்கள் கண்ணால் கண்டார்கள்; அது உண்மை. விஞ்ஞானிகள் நிறம் கலந்த பாலை வைத்துப் பார்த்தார்கள். பரப்பு இழுவிசையால் மேலேறிய பால் சிலையின்மீது மெல்லிய படலமாக வழிந்தது. அதுவும் உண்மை. இரண்டும் ஒரே செய்தியில், முதல் சில பத்திகளுக்குள் வரவேண்டும். விளக்கத்தை மறுநாள் உள்பக்கத்து மூலையில் போட்டால் போடாத மாதிரிதான். வரிசையில் நின்றவர்களை நக்கலடிக்கும் படக்குறிப்பாலும் வாசகருக்குப் புதிதாக எதுவும் தெரியப்போவதில்லை.

அடுத்து, யாரிடம் கருத்துக் கேட்பது? கத்தோலிக்கத் திருச்சபைக்குப் போப் இருக்கிறார். இந்து சமயத்துக்கோ சுன்னி இஸ்லாமுக்கோ அப்படி ஒரே தலைமை கிடையாது. ஆனால் கூப்பிட்ட மாத்திரத்தில் ஸ்டுடியோவுக்கு வந்து குரல் உயர்த்துகிறவர் ‘மதத் தலைவர்’ ஆகிவிடுகிறார். எந்தப் பிரிவு, என்ன பொறுப்பு, நியமித்தது யார் என்பதைப் பெயருக்குப் பக்கத்திலேயே போட்டுவிட்டால் அவர் பேச்சின் எடை தானே தெரியும்.

ஃபைல் போட்டோவும் ஒரு தொல்லை. ஒருவர் செய்த மோசடிக்கு, அவர் மதத்தவர் கும்பிடும் படத்தைத் தேடி வைப்பார்கள்.

பண்டிகைத் தேதியில் சறுக்குவது பெரும்பாலும் அவசரத்தால். நோன்புப் பெருநாளுக்கு முந்தைய இரவு, பிறை தெரிந்ததற்கும் தெரியாததற்கும் தனித்தனியாக இரண்டு தலைப்பு வைத்திருக்க வேண்டும். எந்த அமைப்பு அறிவித்தது என்பதையும் சேர்க்க வேண்டும். பக்கத்து நாட்டில் பெருநாள் ஒரு நாள் முந்தியோ பிந்தியோ வரலாம்.