பள்ளிக்கூடத்தைப் பற்றி யாரிடம் கேட்பது?

ஒரு அரசு உயர்நிலைப் பள்ளியைப் பற்றிப் பெற்றோர் சொல்வதையும் மாணவர்கள் சொல்வதையும் சேர்த்துப் படித்தால், இரண்டு பேரும் ஒரே பள்ளியைத்தான் சொல்கிறார்களா என்று சந்தேகம் வந்துவிடும். பெற்றோருக்குத் தேர்ச்சி விகிதம், ஒழுங்கு, தலைமையாசிரியரைப் பார்க்க முடிகிறதா என்பது. பிள்ளைகளுக்கோ கழிப்பறைக் கதவில் தாழ்ப்பாள் இல்லாதது. புரியவில்லை என்றால் எந்த ஆசிரியரிடம் பயமில்லாமல் மறுபடி கேட்கலாம், யார் எல்லார் முன்னாலும் மதிப்பெண்ணைப் படித்து மானத்தை வாங்குகிறார் என்பது. எனக்கு இரண்டாவதுதான் முக்கியம். நாள் முழுக்க உள்ளே இருப்பது அவர்கள்தானே?

ஓஇசிடி என்ற பல நாடுகளின் பொருளாதார ஒத்துழைப்பு அமைப்பு 2000-ல் தொடங்கிய பிசா என்ற பன்னாட்டு ஆய்வு 15 வயது மாணவர்களின் கணிதம், அறிவியல், வாசிப்பைச் சோதிப்பதோடு விடுவதில்லை. பள்ளியில் தனித்துவிடப்பட்டதாக உணர்கிறாயா, சக மாணவர்கள் சீண்டுகிறார்களா என்றும் கேட்கிறது. பெற்றோர் கூட்டத்தில் யாரும் இதைக் கேட்டு நான் பார்த்ததில்லை!

இணையத்தில் பள்ளிக்குப் போடும் நட்சத்திர மதிப்பீட்டை அப்படியே நம்பிவிடாதீர்கள். கோபம் தலைக்கேறியவர்களும் நெகிழ்ந்துபோனவர்களும்தான் பெரும்பாலும் எழுத உட்காருவார்கள். தேதியையும் பாருங்கள், தலைமையாசிரியர் மாறிவிட்டால் பழைய புகழும் பழைய திட்டும் பாதி காலாவதி. ஒரே குறையை வெவ்வேறு ஆண்டுகளில் வெவ்வேறு ஆட்கள் சொல்லியிருந்தால் மட்டும் நான் நின்று படிப்பேன்.

வீட்டில் "ஸ்கூல் எப்படி இருக்கு?" என்று கேட்டால் "ம்" என்றுதான் பதில் வரும். இடைவேளையில் யாரோடு இருந்தாய் என்று கேட்டுப் பாருங்கள்.