ரன்னர் போனால் பையே போச்சா?

என் மலையேற்றப் பைக்கு 11 வயது ஆகிறது. போன மாதம் அதன் பெரிய ஜிப் கெட்டது. இழுத்தால் மூடுகிறது, மூடின கையோடு பின்னாலேயே பிளந்துகொண்டும் வருகிறது. கூட நடக்கிறவர்கள் எல்லாரும் "பை போச்சு, புதுசு வாங்கிடு" என்றார்கள். துணி கிழியவில்லை, தோள்வார் உறுதியாக இருக்கிறது, என் முதுகுக்குப் பழகிப்போன பை. ஒரு ஜிப்புக்காக அதை எப்படித் தூக்கிப் போடுவது?

உண்மையில் ஜிப்கூடக் கெடவில்லை. பல்லைக் கோர்த்துக்கொண்டு ஓடுகிற ரன்னர் இருக்கிறதே, மண்ணும் புழுதியும் அரைத்து அரைத்து அதன் உள்பக்கம் தேய்ந்து வாய் அகன்றுவிடுகிறது, அப்புறம் அதனால் பற்களை நெருக்கிக் கோர்க்க முடிவதில்லை, அவ்வளவுதான். குறடால் ரன்னரின் இரண்டு ஓரத்தையும் மெதுவாக அழுத்தினால் கொஞ்ச நாள் ஓடும் (அவசரப்பட்டு அழுத்தினால் உடைந்துவிடும்). நிரந்தரமாகச் சரியாக ரன்னரையே மாற்ற வேண்டும். பழையதன் பின்பக்கம் பார்த்தால் பெரும்பாலும் 5, 8, 10 என்று ஓர் எண் பொறித்திருக்கும், அதே எண், அதே வகை கேட்டு வாங்குங்கள். காந்திபுரத்தில் பை தைக்கிற அண்ணன் ஓரத்தில் நாலு தையலைப் பிரித்து, புது ரன்னரை ஏற்றி, மறுபடி தைத்துக் கொடுக்க பத்து நிமிடம்கூட ஆகவில்லை. வாங்கினது 60 ரூபாய்.

ஷூவுக்கும் இதே கதைதான். வெள்ளியங்கிரி இறங்கும்போது முன்பக்கம் வாயைப் பிளந்த ஷூவின் அடிப்பாகத்தை (சோல்), லேஸால் கட்டிக்கொண்டு அடிவாரம் வந்து சேர்ந்தேன். எங்கள் தெருமுனையில் செருப்பு தைக்கிற பெரியவர் வெறும் பசையோடு விடாமல் நைலான் நூலில் சுற்றித் தையல் போட்டார், அதற்குப் பிறகு இரண்டு சீசன் ஓடிவிட்டது.

எல்லா ஷூவையும் இப்படிக் காப்பாற்றிவிட முடியாது. அட்டைப்பெட்டியில் ஐந்து வருடம் பத்திரமாக வைத்திருந்த இன்னொரு ஜோடியின் சோல், எடுத்துப் போட்ட அன்றே பிஸ்கெட் மாதிரி உதிர்ந்தது. பாலியூரித்தேன் நுரைச் சோல் காற்றின் ஈரத்தை வாங்கி உள்ளுக்குள்ளேயே சிதையும், நீராற்பகுப்பு என்பார்கள். நுரையே செத்த பிறகு பசை எதைப் பிடிக்கும்? முழுச் சோலையும் மாற்றினால்தான் உண்டு. அதனால் நல்ல ஷூவைப் பூட்டி வைக்காமல் அடிக்கடி போட்டு நடங்கள்.

மழை ஜாக்கெட் தண்ணீரை உருட்டி விடாமல் ஊற ஆரம்பித்தாலும் பயப்பட வேண்டாம். பல நேரம் அழுக்கும் எண்ணெய்ப் பிசுக்கும்தான் காரணம். துணி மென்மையாக்கும் திரவம் சேர்க்காமல் அலசி, லேபிள் அனுமதித்தால் குறைந்த சூட்டில் மேலே ஒரு துணி போட்டு இஸ்திரி போட்டுப் பாருங்கள்.

பிரான்ஸில் 2023 நவம்பரில் துணி, காலணி பழுது பார்க்க 6 முதல் 25 யூரோ வரை கட்டணத்தில் கழித்துக் கொடுக்க ஆரம்பித்தார்கள், மக்கள் தைக்கக் கொண்டு வரட்டும் என்று. நமக்குத் தைத்துக் கொடுக்கிற ஆட்கள் இன்னும் தெருமுனையிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். நாம் போகாவிட்டால் எத்தனை நாள் உட்கார்ந்திருப்பார்கள் என்பதுதான் என் கவலை.

ஷூவைத் திருப்பிக் கொடுக்கும்போது அந்தப் பெரியவர் சொன்னார்: "முழுசாப் பிளக்குற வரைக்கும் விடாத தம்பி, ஓரம் லேசா விட்டதுமே கொண்டு வா."