உட்காரும் உரிமை சட்டமான வழி

சென்னை தியாகராய நகரின் ஜவுளிக்கடைகளில் வேலை செய்யும் பெண்களுக்கு இருக்கை வேண்டும் என்று மனு எழுதி அலைந்தவர்களில் நானும் ஒருத்தி என்பதால், 2021-இல் தமிழ்நாட்டில் வந்த சட்டத்திருத்தத்தை எங்கள் பக்கத்திலிருந்து பதிவு செய்கிறேன்.

எங்களுக்கு நம்பிக்கை தந்தது கேரளம். கோழிக்கோட்டில் கழிப்பறை வேண்டும் என்று கடைப்பெண்களைத் திரட்டத் தொடங்கிய 'பெண்கூட்டு' அமைப்பு, உட்காரும் உரிமையையும் கையிலெடுத்துப் போராடியதன் பயனாக, 2018-இல் அங்கு கடைகள் சட்டம் திருத்தப்பட்டது.

இங்கு கையெழுத்து வாங்குவதே பெரும்பாடாக இருந்தது. பெண்களில் பலர் வெளி மாவட்டங்களிலிருந்து வந்து, கடை முதலாளியே நடத்தும் விடுதியில் தங்கியிருந்தார்கள். மேலாளர் காதுக்குச் செய்தி போனால் வேலையோடு தங்குமிடமும் போய்விடும் என்று அஞ்சினார்கள். ஆகவே மாம்பலம் ரயில் நிலையத்தின் அருகே, வேலை முடிந்து திரும்புகிறவர்களிடம் பேசி, பெயரும் கடையும் குறிப்பிடாமல், கால் வீக்கத்தையும் நரம்புச் சுருட்டலையும் அவர்கள் சொன்னபடியே எழுதி மனுவோடு இணைத்தோம். அந்தப் பக்கங்களே மனுவின் உயிர் என்று இன்றும் கருதுகிறேன்.

மனுவைப் படித்த அலுவலர் ஒருவர், 1947-ஆம் ஆண்டுக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் இருக்கையைக் கட்டாயமாக்கும் பிரிவே இல்லாதபோது எந்த ஆய்வாளராலும் நடவடிக்கை எடுக்க முடியாது என்று பொறுமையாக விளக்கினார். அதன்பின் கடைகள் மீது புகார் கொடுப்பதை விட்டுச் சட்டத்திருத்தம் கேட்டோம். ஆனால் எங்களைப் போன்ற சிறு குழுவுக்கு அரசின் ஆலோசனைக் கூட்டங்களில் இடம் கிடையாது. அங்கே உறுப்பினர்களை உடைய தொழிற்சங்கங்களின் கதவைத்தான் தட்ட வேண்டியிருந்தது.

2019 செப்டம்பர் 4 அன்று மாநிலத் தொழிலாளர் ஆலோசனை வாரியம் இருக்கை வசதியை ஒருமனதாக ஏற்றது. பிறகு பெருந்தொற்று வந்து கடைகள் மூடப்பட்டதால் பேச்சு நின்றுபோனது. ஆட்சி மாறியதும் மீண்டும் மனு கொடுத்தோம். 2021 செப்டம்பர் 6 அன்று தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வெ. கணேசன் மசோதாவைச் சட்டமன்றத்தில் அறிமுகம் செய்தார். 22-ஏ பிரிவு சட்டத்தில் சேர்ந்தது. எங்கள் மனுவால் மட்டுமே இது நடந்தது என்று சொல்ல மாட்டேன். மசோதாவின் நோக்க விளக்கவுரை அந்த வாரியக் கூட்டத்தையே சுட்டுகிறது. ஆகவே உள்ளே இருந்து பேசியவர்களின் பங்கு பெரியது.

வேலையின் நடுவே உட்காரக் கிடைக்கும் வாய்ப்பைப் பணியாளர்கள் பயன்படுத்திக்கொள்ளத் தக்க இருக்கைகள் வேண்டும் என்கிறது அப்பிரிவு. அந்த வாய்ப்பு எப்போது வந்தது என்பதை மேற்பார்வையாளரே தீர்மானிக்கும் கடைகளில் நாற்காலி இருந்தும் பெண்கள் நிற்கிறார்கள். உட்கார்ந்ததற்காக யாரையும் கண்டிக்கவோ சம்பளம் பிடிக்கவோ கூடாது என்ற தெளிவான வாசகத்தை இப்போது கேட்டு வருகிறோம்.